லேசரால் ஈறு விலக்குவதை வகுப்பறையில் கற்றுக்கொடுங்கள்: பிராஸ்தோடான்டிக்ஸ் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் கேப், செயற்கைப் பல் பொருத்தக் கற்றுத்தரும் பிராஸ்தோடான்டிக்ஸ் துறைகளில் பாடம் நடத்துகிறவர்கள், வினாத்தாள் அமைக்கிறவர்கள், முதுநிலை மாணவர்களுக்கு வழிகாட்டுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். கிரவுனுக்காக, அதாவது கேப்புக்காக, பல்லைச் சீவிய பிறகு, அளவெடுப்பதற்கு முன்னால், லேசர் கொண்டு ஈறை விலக்கும் முறையை உங்கள் துறையிலேயே கற்றுக்கொடுங்கள். இப்போது அதைக் கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் கருவி விற்பவர்கள். ஹோட்டல் ஹாலில், ஞாயிற்றுக்கிழமையில், மதியச் சாப்பாட்டோடு.

நான் சிறிய ஊர் ஒன்றில் கிளினிக் நடத்துகிறேன். என்னிடம் வேலைக்கு வரும் புதிய பி.டி.எஸ். பிள்ளைகள் பலர் லேசர் சான்றிதழோடு வருகிறார்கள். கருவியின் திரையில் மெனுவை என்னைவிட வேகமாகத் திருப்புகிறார்கள். ‘இந்தப் பல்லுக்கு எலும்பு எந்த மட்டத்தில் இருக்கிறது? உன் மார்ஜின் அதிலிருந்து எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் திகைத்துப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சான்றிதழ் கொடுத்த வகுப்பில் எலும்பைப் பற்றிய பேச்சே வந்திருக்காது.

பல் மருத்துவர் அல்லாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்குக் ‘கேப்’ போடவேண்டும் என்கிறோமே, அதற்காகப் பல்லைச் சுற்றிலும் சீவி, அடியில் ஒரு விளிம்பு அமைப்போம்; அதுதான் மார்ஜின். கேப் அந்த விளிம்பில் துல்லியமாக உட்காரவேண்டும். உட்காராவிட்டால் அந்த இடைவெளியில் சொத்தை புகும். முடிந்தவரை விளிம்பை ஈறுக்கு மேலேயே வைப்பதுதான் நல்லது. ஆனால் பழைய சொத்தை கீழே இறங்கியிருந்தாலோ, பல் உடைந்திருந்தாலோ, முன்பல்லில் கேப்பின் ஓரம் வெளியே தெரியக்கூடாது என்றாலோ, அரை மில்லிமீட்டர் போல ஈறுக்குள் போகவேண்டியிருக்கும். அளவெடுக்கும் பசை அந்த இடத்துக்கு இறங்க, ஈறு பல்லைவிட்டுச் சற்று விலகி நிற்கவேண்டும். 0.2 மி.மீ. அளவுக்காவது இடம் வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதற்கும் குறைந்தால் பசை அங்கே மிக மெல்லியதாகி, வெளியே எடுக்கும்போது கிழிந்துவிடும். அப்புறம் லேபிலிருந்து போன் வரும்: ‘டாக்டர், மார்ஜின் தெரியலை.’ போன் செய்கிற டெக்னீஷியன் நல்லவர். செய்யாதவர் தானே ஒரு கோடு போட்டுக்கொண்டு கேப்பைச் செய்து அனுப்பிவிடுவார்.

ஈறை விலக்கும் வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவது கார்டு. பின்னிய பருத்தி நூலை அலுமினியம் குளோரைடிலோ ஃபெரிக் சல்பேட்டிலோ நனைத்து ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே செருகுவது. இரட்டைக் கார்டு முறையில் மெல்லிய நூல் அடியிலேயே இருக்கும், மேலே இருக்கும் தடித்த நூலை மட்டும் உருவிவிட்டு அளவெடுப்போம். நன்றாகச் செய்தால் இதில் ஒரு குறையும் இல்லை. செலவும் அற்பம். இன்றைக்கும் என் கிளினிக்கில் பெரும்பாலான கேப்புகளுக்குக் கார்டுதான் போடுகிறேன்.

ஆனால் அதன் தொல்லைகள் உங்களுக்குத் தெரியாததல்ல. அழுத்திச் செருகினால் அடியில் இருக்கும் ஒட்டுத்திசு கிழியும். நனைக்காமல் உருவினால் அதுவரை நின்றிருந்த ரத்தம் மறுபடி கசியும். உருவிய அரை நிமிடத்துக்குள்ளேயே ஈறு பழைய இடத்துக்குத் திரும்பத் தொடங்கிவிடும். பசையைக் கலக்கிற உதவியாளர் அந்த நேரம் பார்த்து நோயாளியின் மகனிடம் பேசிக்கொண்டிருந்தால் முடிந்தது கதை. ஃபெரிக் சல்பேட் கருப்பாகக் கறை விடும். அட்ரினலின் ஏற்றிய கார்டை இதய நோயாளியிடமும் தைராய்டு மிகுந்தவரிடமும் நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது. சில நேரம் நூலின் துண்டு உள்ளேயே தங்கி, இரண்டு நாளில் ஈறு வீங்கி ஆள் திரும்பி வருவதும் உண்டு.

லேசருக்கு இந்தத் தொல்லைகளில் பல இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டயோடு லேசர் 810, 940, 980 நானோமீட்டர் என்ற அலைநீளங்களில் வருகிறது. மனிதத் தலைமுடி சிலவற்றைச் சேர்த்த கனத்தில் இருக்கும் கண்ணாடி இழையின் முனையால் பல்லைச் சுற்றி ஈறின் உள்சுவரில் மெல்லிய பள்ளம் ஒன்றை வெட்டுகிறோம். கூடவே சிறு ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் இடம் உலர்வாக இருக்கும். கார்டு ஈறைத் தள்ளி நிறுத்துகிறது, லேசர் அந்த உள்சுவரைக் கொஞ்சம் எடுத்தே விடுகிறது. அதனால் பள்ளம் உடனே மூடிக்கொள்ளாது, நிதானமாக அளவெடுக்கலாம். பேஸ்மேக்கர் வைத்தவரிடம் மின்சாரத்தால் ஈறை வெட்டும் எலெக்ட்ரோசர்ஜரியைப் பயன்படுத்தத் தயங்குவோம். டயோடுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

வாய்க்குள் வைக்கும் ஸ்கேனர் வந்த பிறகு இந்த முறைக்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது. பசைக்காவது கொஞ்சம் அழுத்தம் உண்டு. ஈறு லேசாக மூடியிருந்தாலும் முண்டிக்கொண்டு உள்ளே போகும். ஸ்கேனருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒளி போய்த் திரும்பும் இடம் மட்டுமே அதற்குத் தெரியும். ஒரு சொட்டு ரத்தமோ எச்சிலோ மார்ஜின் மேல் நின்றால் அதையும் பல்லென்று வரைந்துவிடும். ஸ்கேனர் வாங்கியவர்கள் அடுத்து லேசர் வாங்குவது வெறும் மோகத்தால் அல்ல.

சரி, இவ்வளவு நல்ல கருவி என்றால் எனக்கு என்ன பிரச்சினை?

முதலாவது, டயோடு எப்படி வெட்டுகிறது என்பதே வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. முனையைத் தக்கையிலோ, கடி பார்க்கும் மைத்தாளான ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பரிலோ தொட்டுக் கருக்கி எடுத்த பிறகு, உள்ளே வரும் ஒளியில் பெரும்பகுதி அந்தக் கரியிலேயே வெப்பமாக மாறிவிடுகிறது. அதன் பிறகு வெட்டுவது பெரும்பாலும் சூடான முனைதான். பல நூறு டிகிரி சூடு அது. ‘ஒளியால் சிகிச்சை’ என்று பலகை வைப்பவர்கள் ஊதுவத்தி நுனியை ஈறுக்குள் விட்டதாக நினைத்துக்கொண்டால் கை தானாகவே ஜாக்கிரதையாகும். முனை ஓரிடத்தில் நிற்கக்கூடாது. ஒட்டிக்கொள்ளும் திசுவை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு வாட்டை ஒட்டிய சக்தியே இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதும். வெட்டு மெதுவாக இருக்கிறதே என்று வாட்டை ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். உண்மையில் முனை சரியாகக் கருகாததோ, இழையை நேராக நறுக்காததோதான் காரணமாக இருக்கும். 47 டிகிரி வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தால் எலும்பு பாதிக்கப்படும் என்று எரிக்ஸனும் ஆல்பிரெக்ட்சனும் 1983இல் முயல்களில் காட்டினார்கள். இம்பிளான்ட் படிக்கும்போது நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த எண் அது. ஈறுக்குள் சூடான முனையை விடும்போது மட்டும் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

இதோடு நம் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. டயோடு ஒளியை மெலனின் நன்றாக உறிஞ்சும். நம் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஈறு கருமை கலந்தது. வெளுத்த ஈறை மனத்தில் வைத்துக் கருவியில் பதிந்திருக்கும் அளவை அப்படியே அழுத்தினால், சூடு நினைத்ததைவிடக் கூடுதலாகத் திசுவுக்குள் இறங்க வாய்ப்புண்டு. முனை தவறி ஈறின் வெளி ஓரத்தில் பட்டுவிட்டால், ஆறிய பிறகு கருத்த ஈறில் ரோஜா நிறத்தில் ஒரு கீற்று பளிச்சென்று தெரியும். முன்பல் என்றால் அந்தப் பெண் சிரிக்கும்போதெல்லாம் தெரியும். குறைந்த அளவில் தொடங்கி, தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும் என்று சொல்லித்தர ஆசிரியர் வேண்டும். கருவியோடு வரும் கையேட்டில் அது இருக்காது.

இரண்டாவது எலும்பு. 1961இல் கார்கியூலோ, வென்ட்ஸ், ஆர்பன் மூவரும் அளந்து சொன்ன கணக்கு உங்களுக்குத் தெரியும்: ஒட்டும் மேல்திசு சராசரி 0.97 மி.மீ., அதன் கீழே இணைப்புத் திசு 1.07 மி.மீ., ஆக எலும்புக்கு மேலே சுமார் 2 மி.மீ. இதை பயாலஜிக் விட்த் என்றுதான் நாம் படித்தோம். 2018இல் வெளிவந்த ஈறு நோய்களின் புதிய வகைப்பாட்டில் பெயரை மாற்றிவிட்டார்கள், விஷயம் மாறவில்லை. இந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் நம் மார்ஜின் இறங்கிவிட்டால் ஈறு நம்மை மன்னிக்காது. சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் வந்துகொண்டே இருக்கும். இல்லாவிட்டால் எலும்பு கரைந்து கீழே போகும். கார்டு இந்த எல்லையை ஓரளவு உணர்த்திவிடும், அடியில் தட்டி நின்று கையில் ஒரு தடை தெரியும். லேசரில் அந்தத் தடை தெரியாது. முனை வெண்ணெயில் போவதைப் போலப் போகும், ரத்தமும் வராது, மார்ஜின் அழகாகத் தெரியும். நோயாளி கைகுலுக்கிவிட்டுப் போவார். ஆறு மாதம் கழித்து ‘கேப் சேரலை டாக்டர்’ என்று வருவார்.

அப்படிப்பட்ட பல்லுக்குத் தேவை கிரவுன் லெங்தனிங். எலும்பையும் சேர்த்துக் குறைக்கவேண்டும். டயோடு மென்திசுவை மட்டுமே வெட்டும், எலும்பில் அதற்கு வேலையில்லை. எர்பியம் லேசரால் எலும்பை வெட்ட முடியும், ஆனால் அதன் விலைக்கு எங்கள் ஊரில் மனை வாங்கலாம். டயோடால் ஈறை மட்டும் வெட்டிவிட்டுக் கிரவுன் லெங்தனிங் செய்ததாக எழுதி வைக்கும் கேஸ் ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எலும்பு அதே மட்டத்தில் இருந்தால் ஈறு மறுபடி வளர்ந்து வந்துவிடும் என்பது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கே தெரியவேண்டியது.

மெல்லிய ஈறு இன்னொரு தனிக் கதை. மேல் முன்பல்லில், ஈறுக்குள் விட்ட புரோபின் (ஆழம் அளக்கும் மெல்லிய கம்பி) நிழல் வெளியே தெரிகிற அளவுக்கு மெல்லியதாக இருந்தால், அங்கே லேசரைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. உள்சுவரிலிருந்து எடுக்க அங்கே சதையே இல்லை. எடுத்தால் ஈறு இறங்கி, மறைக்கத்தான் உள்ளே வைத்தோம் என்ற மார்ஜின் வெளியே வந்து நிற்கும். மெல்லிய கார்டு ஒன்றைப் பொறுமையாக வைப்பதே அங்கே சரி. தடித்த ஈறுள்ள கடைவாய்ப் பல்லில், ஒரு பக்கம் மட்டும் ஈறு உடைந்த பல்லின் மேல் வளர்ந்து மூடியிருக்கும் இடத்தில், லேசரின் அருமை தெரியும். இந்த வேறுபாட்டை ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் காட்டிவிடலாம். கருவி விற்பவர் காட்டுவாரா? ‘எல்லாப் பல்லுக்கும் போடலாம் டாக்டர்’ என்பதுதான் அவருடைய தொழில்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்தலானது. ஈறு ஏற்கெனவே வீங்கி ரத்தம் வடிகிறது என்றால், அங்கே காறை இருக்கும், அல்லது தற்காலிகக் கேப்பின் ஓரம் துருத்திக்கொண்டிருக்கும். காறையை எடுத்து, தற்காலிகக் கேப்பைச் சரிசெய்து, ஒன்றிரண்டு வாரம் விட்டால் வீக்கம் வடிந்து ஈறு தானே சுருங்கும். மார்ஜின் வெளியே வந்துவிடும், பல நேரங்களில் விலக்கவேண்டிய தேவையே இருக்காது. லேசர் கையில் இருந்தால் இந்தப் பொறுமை போய்விடுகிறது. வீங்கிய ஈறைச் சுட்டு, அன்றே அளவெடுத்து, அடுத்த வாரம் கேப் ஒட்டி அனுப்புகிறோம். வீக்கம் வடிந்தபின் ஈறு எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. இந்தக் கருவிகள் நான்காம் வகுப்பு லேசர்கள். அரை வாட்டுக்கு மேல் போனாலே அந்த வகுப்பு. ஒளி கண்ணுக்குத் தெரியாது, விழித்திரையை எரித்தபின்தான் தெரியும். நோயாளி, மருத்துவர், உதவியாளர் மூவருக்கும் கண்ணாடி வேண்டும், அதுவும் அந்த அலைநீளத்துக்கே உரிய கண்ணாடி. எந்த அலைநீளத்துக்கு என்பது கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்கும். உதவியாளருக்குக் கண்ணாடி இல்லாத கிளினிக்குகளே அதிகம். புகையில் வைரஸின் துணுக்குகள் இருக்கலாம் என்பது 1980களிலேயே தெரிந்துவிட்டது. உறிஞ்சு குழாயைப் பக்கத்திலேயே பிடிக்கவேண்டும், சாதாரண முகக்கவசம் போதாது. ஒரு சின்ன எக்ஸ்ரே கருவி வாங்கினால்கூட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்கிறோம். லேசர் அந்த வாரியத்தின் வரம்பில் வராது. இன்று வாங்கி நாளைக்கே நோயாளியின் வாயில் வைத்துவிடலாம். அதனால்தான் கல்லூரி வகுப்பை இவ்வளவு வற்புறுத்துகிறேன். வேறு கதவு எதுவும் இடையில் இல்லை.

‘வலியே இல்லை, ஊசியே வேண்டாம்’ என்ற விளம்பரத்தையும் ஒரு வார்த்தை. உயிருள்ள பல்லைச் சீவும்போது எப்படியும் மரத்துப்போக ஊசி போட்டிருப்போம். வேர் சிகிச்சை செய்த பல்லை ஊசி இல்லாமலே சீவிவிடலாம். லேசரை ஈறில் வைக்கும்போதுதான் அங்கே பலருக்கு ஊசி தேவைப்படும். விளம்பரம் சொல்வதற்கு நேர் எதிர்.

உங்களில் சிலர் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ‘பிள்ளைகளுக்குக் கார்டே ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை, இதில் லேசர் வேறா?’ நியாயமான கேள்வி. கார்டு முதலில் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வெளியே போனவுடன் அவர்கள் வேலைக்குச் சேரும் இடத்தில் லேசர் இருக்கிறது. முதலாளி ‘போடு’ என்கிறார். உங்களிடம் கற்காவிட்டால் அவர்கள் கற்காமல் இருந்துவிடப் போவதில்லை, நோயாளியிடம் கற்பார்கள். இன்னொரு கேள்வியும் வரும்: போதுமான ஆய்வு இருக்கிறதா என்று. கார்டோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பல வந்திருக்கின்றன. ரத்தம் குறைவு, நோயாளிக்கு வசதி என்று பெரும்பாலும் சொல்கின்றன. ஆனால் அவற்றில் அநேகம் சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளைச் சில வாரங்கள் மட்டும் பார்த்தவை. ஈறு இறங்குகிறதா என்பது சில வாரத்தில் தெரிகிற விஷயமா? உங்கள் எம்.டி.எஸ். மாணவர்களுக்கு மூன்று ஆண்டு இருக்கிறது. மெல்லிய ஈறு, தடித்த ஈறு, கருமை கூடியது, குறைந்தது என்று பிரித்து, ஒரு வருடம் தொடர்ந்து பார்க்கும் ஆய்வை ஒருவருக்காவது கொடுங்கள். சிமெண்டின் இழுவிசையை இன்னொரு முறை அளப்பதைவிட எங்களைப் போன்றவர்களுக்கு அது பயன்படும்.

நடைமுறையில் இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பல கல்லூரிகளில் டயோடு லேசர் ஏற்கெனவே இருக்கிறது, ஈறு சிகிச்சை பார்க்கும் பெரியோ துறையின் அலமாரியில். ஈறின் கருமை நீக்கவும் நாக்கை அடியில் கட்டியிருக்கும் சவ்வை விடுவிக்கவும் அவ்வப்போது வெளியே வரும். இரண்டு துறைகளும் ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்வதில் உள்ள சங்கடங்கள் எனக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. ஆனால் இந்த வகுப்பை இரண்டு துறையும் சேர்ந்துதான் எடுக்கவேண்டும். எலும்பு மட்டத்தை அளக்கும் பகுதியை பெரியோ ஆசிரியர் எடுக்கட்டும். மரத்துப்போன ஈறுக்குள் புரோபை எலும்பு தட்டும்வரை விட்டு அளப்பதை ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனும் கையால் செய்து பார்க்கட்டும். பிறகு ஆட்டுத் தாடை. தையல் பழக ஏற்கெனவே வாங்குகிறோமே, அதே தாடை. அதில் ஒரு பக்கம் கார்டு, மறுபக்கம் லேசர். அளவெடுத்து, டை (பல்லின் கல் நகல்) ஊற்றி, மார்ஜினைச் சிவப்புப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். செத்த திசுவில் ரத்தமும் வராது, ஆறுவதும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் முனையைக் கருக்குவது, கையை நிறுத்தாமல் ஓட்டுவது, வாட்டை ஏற்றினால் ஓரம் எப்படிக் கருகுகிறது என்பதெல்லாம் அங்கே கண்ணெதிரே தெரியும்.

தேர்விலும் இதைக் கொண்டுவாருங்கள். ‘ஈறு விலக்கும் முறைகளை வகைப்படுத்துக’ என்ற பத்து மதிப்பெண் கேள்வியைக் காலங்காலமாகக் கேட்டுவருகிறோம். எந்திரவியல், வேதியியல், அறுவை என்று பிரித்து எழுதிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பதில் ஒரு கேஸைக் கொடுங்கள். மேல் முன்பல், மெல்லிய ஈறு, எலும்பு மட்டம் இவ்வளவு, மார்ஜின் இவ்வளவு கீழே, ஈறில் ரத்தக் கசிவு. இன்றைக்கே அளவெடுப்பாயா, எதைக் கொண்டு, ஏன் என்று கேளுங்கள். லேசர் வேண்டாம், இரண்டு வாரம் கழித்து வரச்சொல்வேன் என்று எழுதுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

வரும் கல்வியாண்டில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்க முடியுமா என்று உங்கள் துறைக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள். கருவி பெரியோவிலிருந்து இரவல் கிடைக்கும், தாடை கசாப்புக்கடையில் கிடைக்கும். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி புதிதாக வாங்கவேண்டியிருக்கும். அலைநீளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒரு பல் மருத்துவர்